செல்ஃப் அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகலை: பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாருதி 800, ஆம்னி, பத்மினி, அம்பாசடர், பழைய ஜென், முதல் வரிசை சான்ட்ரோ. மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கங்களிலும் இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசடர் அதே வருடம் மே மாதம் நின்றது. இனி வரப்போகும் வண்டிகள் இல்லை என்பதால், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வண்டிகளைப் பற்றி அதிகம் கேட்கப்படும் ஒரே கோளாறை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எது வரவில்லை என்று தெரியாமல் எந்தப் பொருளையும் மாற்றாதீர்கள்.

செல்ஃப் நல்லாத்தான் அடிக்குது. முதல்ல எதைப் பார்க்கணும்?

எந்தக் கருவியும் எடுப்பதற்கு முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி கடைசியாக ஒழுங்காக ஓடியதற்கும் இன்றைக்கும் நடுவில் அதற்கு என்ன நடந்தது? எஞ்சினை வாட்டர் வாஷ் செய்தீர்களா, மழையில் நனைந்ததா, புதிதாக பெட்ரோல் போட்டீர்களா, பிளக் மாற்றினீர்களா, மாதக்கணக்கில் நின்றதா, பள்ளத்தில் விழுந்து எழுந்ததா? பெரும்பாலும் கோளாறின் வாசல் இந்தப் பதிலில் இருக்கும். நேற்று வேலை பார்த்த இடத்தில்தான் இன்று கோளாறு என்றால் முதலில் அந்த இடத்தையே மறுபடி பாருங்கள்.

அதற்குப் பிறகு நான்கு விஷயங்கள்: பிளக்கில் கரண்ட், சிலிண்டருக்குள் பெட்ரோல், போதுமான காற்றும் கம்ப்ரஷனும், இவை எல்லாம் சரியான நேரத்தில் சேர்வது. நான்கும் இருந்தால் பெட்ரோல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகித்தான் தீரும். ஆகவில்லை என்றால் இதில் ஒன்று இல்லை. எது இல்லை என்று கண்டுபிடிக்கிற வேலைதான் கீழே வருவது முழுவதும்.

செல்ஃப் சத்தத்தை வச்சே ஏதாவது சொல்ல முடியுமா?

நிறையச் சொல்லலாம். நல்ல எஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது சத்தத்தில் ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு பிஸ்டனும் மேலே வந்து காற்றை அழுத்தும்போது வேகம் சற்றே தணிந்து மறுபடி ஏறும். அந்தத் தாளம் சீராக இருந்தால் கம்ப்ரஷன் ஓரளவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி அல்லது எர்த். நொண்டி நொண்டிச் சுற்றினால் ஏதோ ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவு. தாளமே இல்லாமல், தையல் மிஷின் வெறுமனே ஓடுகிற மாதிரி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் செல்ஃபை அதோடு நிறுத்திவிடுங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின் பெல்ட் வைத்ததுதான். கார்புரேட்டர் மாடலாக இருந்தால் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்துவிட்டு ஒருவரை அரை நொடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லி, உள்ளே கேம் ஷாஃப்ட் அசைகிறதா என்று பாருங்கள். அல்லது கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டரைப் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் ரோட்டர் அசையவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது. சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்த பிறகு சுற்றினால் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளும். அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன். பத்மினியிலும் பழைய 1489 சிசி அம்பாசடரிலும் இருப்பது செயின். அது இப்படித் திடீரென்று அறுவது அபூர்வம்.

எவ்வளவு நேரம் செல்ஃப் அடிக்கலாம்?

ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள். இரண்டு மூன்று தடவையில் பிடிக்கவில்லை என்றால் மேலும் அடிப்பதால் பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடாகும், பிளக் நனையும். ஒரு கோளாறாக இருந்தது மூன்றாகிவிடும்.

பேட்டரி 12 வோல்ட் காட்டுது. அது போதாதா?

வண்டி சும்மா நிற்கும்போது முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. இதைவிட முக்கியம், செல்ஃப் அடிக்கும்போது என்ன காட்டுகிறது என்பது. மீட்டரைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல்ஃப் சுற்றினாலும், பிளக்குக்கு உயர் வோல்ட் உண்டாக்கும் காயிலுக்குப் போதுமான கரண்ட் மிஞ்சாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும் வண்டி) கம்ப்யூட்டரும் பெட்ரோல் பம்ப்பும் ஒழுங்காக வேலை செய்யாது. செல்ஃப் சுற்றுவதாலேயே பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

பேட்டரி புதிது, ஆனாலும் இழுக்கிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து போல்ட்டை இறுக்கினால் செலவில்லாமல் முடிகிற காரியம்.

பிளக்குல கரண்ட் வருதான்னு வீட்டிலேயே எப்படிப் பார்க்கிறது?

ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரோடு சேர்த்து, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சின் பிளாக்கில் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், பல ஆயிரம் வோல்ட் வருகிற இடம் அது. ரப்பர் பிடி போட்ட கொறடு பயன்படுத்துங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, காய்ந்த பிறகே செய்யுங்கள். கழற்றிய பிளக் ஓட்டையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள், அதன் வழியே பெட்ரோல் ஆவி வெளியே வரும்.

ஒருவர் செல்ஃப் அடிக்க, நீலமாக, கேட்கும்படி சொடுக்கினால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, சிவப்பாக, எப்போதாவது ஒன்று தெரிந்தால் பலவீனம். வெளியில் தெரிகிற பலவீனமான பொறி சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அணைந்தே போகும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பிளக்கை எர்த்தில் தொடாமல் அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிக்கக் கூடாது, இக்னிஷன் பகுதி கெட்டுவிடும்.

அப்படியே பிளக்கின் முனையையும் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. காய்ந்துபோய் இருந்தால் பெட்ரோலே வரவில்லை. இந்த ஒரு பார்வை அடுத்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கரண்ட் சுத்தமா இல்லை. பாயிண்ட் மாத்தச் சொல்றாங்க, மாத்திடலாமா?

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் சுவிட்ச். அதை மாற்றுவதற்கு முன்னால் கரண்ட் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆன வண்டிகளில் இந்தப் பகுதியில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு டெஸ்ட் லேம்ப் போதும், அதாவது ஒயர் வைத்த சின்ன 12 வோல்ட் பல்பு. அதன் ஒரு முனையை எர்த்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, காயிலின் பாசிட்டிவ் முனையில் தொட்டால் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் காயில், பாயிண்ட் எதன் மேலும் பழி இல்லை. ஃபியூஸ், சாவிப் பெட்டி, நடுவில் வருகிற ஒயர், இவற்றில் தேட வேண்டும். எரிகிறது என்றால் நெகட்டிவ் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு விட்டு விட்டு மின்ன வேண்டும். மின்னினால் பாயிண்ட் தன் வேலையைச் செய்கிறது. மின்னாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது. எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள மாருதியிலும் இதே சோதனைதான். அங்கே பாயிண்ட் இருக்கும் இடத்தில் இக்னைட்டர் இருக்கிறது.

பாயிண்ட் முகம் கருகிப் போயிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் வீடு வந்து சேர உதவும். பாயிண்ட் திரும்பத் திரும்ப நீலம் பாய்ந்து கருகுகிறது என்றால், பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டன்சர் பலவீனம். அதை மாற்றாமல் பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும்.

நெகட்டிவ் மின்னுகிறது, ஆனாலும் கரண்ட் இல்லை என்றால் காயிலை அளக்கலாம். ஒயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே ஓம் அளவு பாருங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) இல்லாத வண்டியின் காயில் 3 ஓம் பக்கம், ரெசிஸ்டர் உள்ளது 1.5 ஓம் பக்கம் காட்டும். முடிவில்லாமல் போனால் அறுந்திருக்கிறது.

காயிலின் நடு ஒயரில் நல்ல கரண்ட் இருந்து, பிளக்குக்கு மட்டும் வரவில்லை என்றால் மூடியும் ரோட்டரும் பாக்கி. மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பென்சிலால் கிழித்தது போன்ற மெல்லிய கருங்கோடு தெரிந்தால் கரண்ட் அந்தக் கோடு வழியே ஓடிவிடுகிறது. நடுவில் உள்ள சின்னக் கார்பன் துண்டு உடைந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றிய பழைய பாயிண்ட், மூடி, ரோட்டர் ஓரளவு நன்றாக இருந்தால் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் சரியான உதிரி கிடைக்கிற கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. புதிது என்று கையில் கொடுப்பதில் சில, கழற்றிய பழசைவிட மட்டமாக இருக்கின்றன.

சாவியைத் திருப்பிப் பிடிச்சிருக்கும்போது பிடிக்குது அண்ணே, கையை விட்டதும் நின்னுடுது. ஏன்?

இது தெளிவான அடையாளம். சில வண்டிகளில் செல்ஃப் அடிக்கும் நேரம் மட்டும் காயிலுக்குத் தனி வழியில் கரண்ட் போகும். கையை விட்டதும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகப் போக வேண்டும். அந்த ரெசிஸ்டர் அறுந்துபோனால் நீங்கள் சொல்கிறபடியேதான் நடக்கும். ரெசிஸ்டர் இல்லாத வண்டி என்றால் சாவிப் பெட்டியின் ஆன் பாயிண்ட் தேய்ந்திருக்கிறது. டெஸ்ட் லேம்ப்பைக் காயில் பாசிட்டிவில் வைத்துச் சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அதுதான்.

கரண்ட் நல்லா இருக்கு. கார்புரேட்டருக்கு பெட்ரோல் வருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முள்ளை நம்ப வேண்டாம். பழைய வண்டிகளில் மிதவை சிக்கிக்கொண்டு கால் டேங்க் காட்டிக்கொண்டே இருக்கும். முதலில் இரண்டு லிட்டர் பெட்ரோல் போட்டுப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில் கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டு ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாக பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. இல்லையென்றால் பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். துடிப்பு துடிப்பாகக் கொட்ட வேண்டும். கொட்டினால் கோளாறு கார்புரேட்டரின் ஊசி வால்விலோ வடிகட்டியிலோ இருக்கிறது. கொட்டவில்லை என்றால் ஏசி பம்ப் (எஞ்சின் சுற்றும்போது இயங்கும் பெட்ரோல் பம்ப், ஏர் கண்டிஷனர் அல்ல), அல்லது பம்ப்புக்கு முன்னால் உள்ள குழாய். அந்தக் குழாயைக் கழற்றி டேங்க் பக்கமாக ஊதிப் பாருங்கள். டேங்கில் குமிழி விடுகிற சத்தம் கேட்டால் வழி திறந்திருக்கிறது, பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டியில் டேங்க் மூடியின் காற்று ஓட்டையைக் குளவி மண்ணால் அடைத்திருப்பதும் உண்டு. மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான் காரணம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பாட்டிலில் பெட்ரோல் எடுத்துக் கார்புரேட்டர் வாயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. எஞ்சின் ஒரு தடவை திருப்பித் தும்மினால் ஊற்றுகிறவர் முகத்திலும் கையில் இருக்கிற பாட்டிலிலும் தீ பிடிக்கும். பெட்ரோல் குறைபாடா என்று சோதிக்க வேண்டும் என்றால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு நொடி அடித்து, ஏர் ஃபில்டரை மறுபடி மூடி, விலகி நின்றபின் செல்ஃப் அடியுங்கள். ஒன்றிரண்டு நொடி ஓடி நின்றால் கரண்டும் கம்ப்ரஷனும் சரி, பெட்ரோல்தான் வரவில்லை என்று உறுதி.

பெட்ரோல் வாசம் குப்புனு அடிக்குது, ஆனா பிடிக்கலை.

ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. சோக்கை முழுதாக உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடக் கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் இறங்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் பலவற்றில் முழுதாக மிதித்தால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் மிதவை ஓட்டை விழுந்து கனத்திருக்கிறதா, ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கிறதா என்று கார்புரேட்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில இதையெல்லாம் பார்க்க முடியாதே?

வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறியது 2000 வாக்கில். அதிலிருந்து பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. அமைதியான இடத்தில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின் சீட் பக்கம் காதை வையுங்கள். இரண்டு நொடி ரீங்காரம் கேட்டு நிற்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், பிறகு ரிலே. அதே மாதிரி ரிலே ஹாரனுக்கோ ஃபேனுக்கோ இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ரிலேயும் சரி என்றால் பம்ப்பின் ஒயர் சாக்கெட்டில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் பம்ப் சுற்றவில்லை என்றால் பம்ப் போய்விட்டது. ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் சில சமயம் சுற்றத் தொடங்கும். அது வீட்டுக்கு வந்து சேரத்தான், பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும். பெரும்பாலும் ரிசர்விலேயே ஓட்டுகிற வண்டிகளில் இந்தப் பம்ப் சீக்கிரம் சாகிறது. பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் அதற்குக் குளிர்ச்சி.

சில ஃபோர்டு, ஃபியட் வண்டிகளில் மோதலின்போது பெட்ரோலை நிறுத்துகிற ஒரு சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்தால்கூட அது தட்டிவிடும். மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. இது தெரியாமல் பம்ப் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாவி போட்டா செக் எஞ்சின் விளக்கே வரலை. அது நல்லதுதானே?

இல்லை. சாவியை ஆன் செய்ததும் அந்த விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பல்பு போயிருக்கிறது. மெயின் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள். சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை ஏற்கவில்லை. இன்னொரு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

போனோடு இணைகிற சின்ன ஸ்கேனர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வண்டியே தன் கோளாறைப் பதிவு செய்யும் அமைப்பான ஓ.பி.டி.யின் இரண்டாம் கட்டம் இங்கே கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் அந்த ஸ்கேனர் பேசாது.

மே மாச வெயில்ல ஆண்டிப்பட்டி கணவாய் ஏறும்போது நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆச்சு. என்ன கோளாறு?

மூன்று விஷயங்கள் இப்படிச் செய்யும். நின்றிருக்கும் நேரத்தில் சோதித்தால்தான் எது என்று தெரியும், ஆறிய பிறகு மூன்றும் ஒழுங்காக இருக்கும். ஆகவே நின்ற உடனே பானெட்டைத் திறந்து பாருங்கள்.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பீய்ச்சவில்லை, கரண்ட் இருக்கிறது என்றால் வேப்பர் லாக். பெட்ரோல் குழாயிலும் ஏசி பம்ப்பிலும் சூட்டில் ஆவியாகி, பம்ப் ஆவியை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் மட்டும் என்றில்லை, சித்திரைத் திருவிழா நேரத்தில் தல்லாகுளம், கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்தாலும் இதே கதைதான். ஈரத்துணியை ஏசி பம்ப் மேலும் குழாய் மேலும் சுற்றிக் காத்திருங்கள். சைலன்சர் மேனிஃபோல்டில் தண்ணீர் படக் கூடாது, சூட்டு வார்ப்பிரும்பு விரிசல் விடும். நிரந்தரத் தீர்வு, பெட்ரோல் குழாயை மேனிஃபோல்டை விட்டுத் தள்ளி ஓட்டுவது, பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பம் தாங்கும் கனமான பேக்கிங்கைப் போடுவது. பழுது பார்க்கும்போது அந்தப் பேக்கிங்குக்குப் பதிலாக மெல்லிய தாளைப் போட்டுவிடுகிறார்கள், வெயில் காலம் வரை யாருக்கும் தெரிவதில்லை.

பெட்ரோல் பீய்ச்சுகிறது, கரண்ட் இல்லை என்றால் காயில் அல்லது கண்டன்சர் அல்லது இக்னைட்டர். சூட்டில் உள்சுற்று விரிந்து விட்டுப்போகிறது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கரண்டும் இல்லை, இன்ஜெக்டரும் அடிக்கவில்லை, ஆறினால் எல்லாம் வருகிறது என்றால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சரை முதலில் சந்தேகியுங்கள்.

வெளிநாட்டுல இருந்துட்டு ஆறு மாசம் கழிச்சு வந்து எடுக்கிறேன். ஸ்டார்ட் ஆகலை.

அவசரப்பட்டுச் சாவியைத் திருப்ப வேண்டாம். முதலில் பானெட்டைத் திறந்து எலி வந்திருக்கிறதா பாருங்கள். வயல் ஓரத்து வீடுகளில் இது சாதாரணம். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நார், துணி, நெல் உமி எல்லாம் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். காற்றே போகாது. ஒயர்களைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், கடித்த இடம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும்.

அடுத்து பெட்ரோல். 2023-இல் தொடங்கி நம் பம்ப்புகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். குழாய் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய வண்டிகளின் ரப்பர் குழாயும் டயாஃப்ரமும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பிப்போய், வெடித்து, உள்ளே துகள் உதிர்த்து ஜெட்டை அடைக்கும். எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற குழாய் என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். நீண்ட நாள் நிறுத்தும் கார்புரேட்டர் வண்டியை, டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. கிண்ணத்தில் பிசின் படியாது.

மழைத் தண்ணிக்குள்ள போய் நின்னுடுச்சு.

தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. சாரல் தெறித்து டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் நனைந்திருந்தால் மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்து, பிளக் ஒயர்களையும் துடைத்தால் ஓடும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் பக்கம் தெருவில் நின்ற மாதிரித் தண்ணீரில் முன் பம்பர் மூழ்கியிருந்தால், சாவியைத் தொடவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். நனைந்திருந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

பிளக் ஒயர் மாத்தினோம். இப்ப கார்புரேட்டர் வழியா தும்முது, சைலன்சர்ல வெடிக்குது.

ஒயர் இடம் மாறியிருக்கிறது. மாருதி 800-க்கு 1-3-2, பத்மினிக்கும் அம்பாசடருக்கும் 1-3-4-2. ரோட்டர் சுற்றும் திசையிலேயே எண்ண வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி மாட்டியிருந்தால் டைமிங்கும் தப்பியிருக்கும். அடுத்த தடவை ஒவ்வொரு ஒயராக மாற்றுங்கள்.

டீசல் அம்பாசடருக்கும் இதே வழிதானா?

டீசலில் பிளக் கரண்ட் கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெண்புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை: ஹீட்டர் பிளக் அல்லது கம்ப்ரஷன். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை.

ஹீட்டர் பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாக ஒவ்வொன்றாகத் தொடுங்கள். லேம்ப் எரிந்தால் அந்தப் பிளக் உயிரோடு இருக்கிறது. மார்கழிக் காலையில் மட்டும் தகராறு செய்கிற வண்டியில் பெரும்பாலும் குறைந்தது இரண்டு பிளக்காவது போயிருக்கும்.

புகை இல்லை என்றால் முதலில் எஞ்சினை நிறுத்துகிற கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். டீசல் தீர்ந்து நின்ற வண்டி என்றால் ஏர் லாக். ஃபில்டரின் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வழியும்போது திருகை இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் திருகுக்கும் அதே மாதிரி. கடைசியாக நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் டீசல் சொட்டும், பிறகு இறுக்கலாம். குழாயை அழுத்தம் இருக்கும்போது கையால் தொடாதீர்கள், தோலைத் துளைக்கும். டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஸ்ப்ரே அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டி, தள்ளினாலும் பெரும்பாலும் பிடிக்காது. பேட்டரி இழுப்பதுதான் பிரச்சினை என்றால் மட்டும் பலன் உண்டு. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியைத் தள்ள வேண்டாம். எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ச் சேர்ந்து, பிறகு சூட்டில் அதைக் கெடுக்கும்.

கொடைக்கானல்ல காலையில மட்டும் எடுக்க மாட்டேங்குது, மதுரையில எப்பவும் நல்லா எடுக்குது.

சுமார் 2,100 மீட்டர் உயரம், குளிர். சோக்கை முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் அடியுங்கள். பிடித்ததும் சோக்கைப் பாதி தள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் சோக்கைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓட்டுவதால் கேபிள் இறுகியிருக்கும். மலை ஏறுவதற்கு முன்னால் அது அசைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் ஆகலை. கம்ப்ரஷன் எப்படிப் பார்க்கிறது?

கேஜ் உள்ள ஒர்க்‌ஷாப்பில் பாருங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கட்தான். எஞ்சினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த எண்களை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்குக்கு போன் பண்ணும்போது என்ன சொல்லணும்?

வண்டி எந்த வருடம், கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா. செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றுகிறது. பிளக்கில் கரண்ட் இருக்கிறதா, பிளக் நனைந்ததா காய்ந்ததா. பம்ப் சத்தம் கேட்டதா. சூட்டில் நின்றதா, காலையில் எடுக்கவில்லையா. கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள். இவ்வளவும் சொன்னால் அவர் காயிலையோ ரிலேயையோ பையில் போட்டுக்கொண்டே உங்கள் வீட்டுக்கு வருவார். வந்தவர் பார்ட்ஸ் மாற்றினால், கழற்றிய பழையதை உங்கள் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.